ஒரு கோடிப் பேரும் ஒரு குவிமையமும்
(1971 வங்க அகதிகள் துயர்துடைப்பு: ஒரு வரலாற்று நோக்கு)

1971ஆம் ஆண்டின் போரைப் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் டிசம்பர் 3 முதல் 16 வரையிலான நாள்களையே விரித்துரைக்கின்றன. படைகள் நகர்ந்த வழி, டாக்கா வீழ்ந்த முறை, சரணாகதி ஒப்பந்தம் கையெழுத்தான மாலைப்பொழுது ஆகியன பாடநூல்களிலும் இடம்பெற்றுவிட்டன. ஆனால் அந்த இரு வாரப் போருக்கு முன்னர் எட்டு மாதங்களுக்கு மேலாக வேறொரு பெரும்பணி நடந்தது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு நாள்தோறும் அரிசி அளந்து கொடுத்து, கூரை வேய்ந்து, நோய் தீர்த்து, இறுதியில் அவரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பிய பணி அது. அதற்குத் தளபதிகள் இல்லை. வெற்றி விழாவும் இல்லை. அதனாலேயே வரலாற்றின் ஓரத்தில் அது ஒதுங்கி நிற்கிறது.

மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. காப்பியம் அதனோடு நின்றுவிடவில்லை. முதற்பிச்சை இட ஆதிரை வேண்டியிருந்தாள். பசித்தவர் இருக்கும் இடம் தேடிப் பாத்திரத்தைக் கொண்டு செல்ல மணிமேகலை வேண்டியிருந்தாள். குறையாத பாத்திரத்திற்கே இவ்வளவு ஏற்பாடு தேவையென்றால், குறைந்துகொண்டே வரும் களஞ்சியத்தைக் கொண்டு ஒரு கோடிப் பேரின் பசியாற்ற எத்தகைய ஏற்பாடு தேவைப்பட்டிருக்கும் என்பது எண்ணத்தக்கது. பொருள் குவிந்ததால் மட்டும் உயிர்கள் பிழைக்கவில்லை. பொருளும் செய்தியும் ஒரு கையிலிருந்து மறுகைக்குத் தவறாமல் சேர்ந்த இடங்களில் உயிர்கள் பிழைத்தன. சேராத இடங்களில் அழிந்தன. 1971ஆம் ஆண்டின் முகாம்கள் உணர்த்தும் உண்மை இதுவே.

எல்லை திறந்த நாள்கள்

1971 மார்ச் 25ஆம் நாள் இரவு டாக்காவில் பாகிஸ்தான் படையின் ஒடுக்குமுறை தொடங்கியது. அடுத்த சில நாள்களிலேயே கிழக்குப் பாகிஸ்தான் மக்கள் ஊர்களை விட்டு இந்திய எல்லை நோக்கி நடக்கத் தொடங்கினர். ஒரு மாதத்திற்குள் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இந்தியாவுக்குள் வந்துவிட்டனர். மே மாத இறுதியில் நாளொன்றுக்கு ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எல்லை கடந்தனர். மொத்தம் நாற்பது இலட்சத்தை நெருங்கியது. டிசம்பர் 1ஆம் நாள் இந்திய அரசின் கணக்கு 98,99,305 என்றிருந்தது. 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை நான்கு கோடியைச் சற்றே தாண்டியிருந்தது. எனவே, தமிழ்நாட்டு மக்களுள் நான்கில் ஒரு பங்கினர் எட்டே மாதங்களில் வீடிழந்து அயல்நாடு புகுந்ததற்கு ஒப்பான நிகழ்ச்சி இது.

வந்தோருள் பெரும்பகுதியினரை மேற்கு வங்கம் தாங்கியது. எழுபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்கிருந்தனர். ஆயினும் விகிதத்தில் நோக்கினால் பெருஞ்சுமை திரிபுராவின் மீதே விழுந்தது. பதினைந்தரை இலட்சம் மக்களைக் கொண்ட அச்சிறு நிலப்பகுதிக்குப் பதினான்கு இலட்சம் பேர் அளவுக்கு வந்து சேர்ந்தனர். மூன்று புறமும் கிழக்குப் பாகிஸ்தான் சூழ்ந்த அப்பகுதிக்கு அசாம் வழியே வந்த இருப்புப்பாதை தர்மநகரோடு முடிந்துவிட்டது. அதற்கப்பால் தலைநகர் அகர்தலாவுக்கு மலைச்சாலை ஒன்றே வழி. மழைக்காலத்தில் அச்சாலையில் ஒரு மூட்டை அரிசி ஏறிச் செல்வதே பெரும்பாடு.

எல்லையில் பதிவு செய்து ஒரு சீட்டு. முகாமில் குடும்பத்திற்கு ஒரு பங்கீட்டு அட்டை. துயர்துடைப்புப் பணியின் அடித்தளம் இவ்விரு தாள்களே எனலாம். பெயரும் தலைக்கணக்கும் எழுதப்பெற்ற அந்த அட்டை இன்றேல், வலியவர் இருமுறை பெறுவர்; மெலியவர் ஒருமுறையும் பெறார். பள்ளிக்கூடக் கட்டடங்களிலும், தார்ப்பாய் விரித்த வெளிகளிலும், கல்கத்தாவை அடுத்த சால்ட் லேக் பகுதியில் கழிவுநீர்த் திட்டத்திற்காகக் கிடத்தப்பட்டிருந்த பெரிய சிமெண்டுக் குழாய்களுக்குள்ளும் மக்கள் தங்கினர். அக்குழாய்களுக்குள் குடியிருந்தோருக்கும் அட்டை ஒன்று இருந்தாக வேண்டும் என்பதே நிருவாகத்தின் முதல் அறம்.

குவிமையம் என்னும் ஏற்பாடு

ஏப்ரல் மாதப் பிற்பகுதியில் இந்தியாவின் ஐக்கிய நாடுகள் அவைப் பிரதிநிதி சமர் சென் பன்னாட்டு உதவி கோரினார். பொதுச்செயலர் ஊ தாண்ட் ஏப்ரல் 29ஆம் நாள் ஒரு முடிவெடுத்தார். அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகமே இப்பணியில் ஐ.நா.வின் எல்லா உதவிகளுக்கும் குவிமையமாக இருக்கும் என்பது அம்முடிவு. அப்போது உயர் ஆணையராக இருந்தவர் இளவரசர் சத்ருத்தீன் ஆகா கான். அதுவரை ஒவ்வோர் ஐ.நா. நிறுவனமும் தத்தம் துறையில் தனித்தியங்குவதே வழக்கம். உணவு ஒருவரிடம், மருந்து ஒருவரிடம், குழந்தைகள் நலம் மற்றொருவரிடம் என்றிருந்த இழைகளை ஒரே முடிச்சில் கட்டும் முயற்சி, இவ்வளவு பெரிய அளவில், இங்கேதான் நிகழ்ந்தது.

மே மாதத்தில் துணை உயர் ஆணையர் சார்லஸ் மேஸ் தலைமையில் மூவர் குழு இந்தியா வந்து நிலையைக் கண்டறிந்தது. அதன் பின்னர் மே 19ஆம் நாள் ஊ தாண்ட் உலக நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தார். ஜெனீவாவில் உயர் ஆணையர் அலுவலகமும், உலக சுகாதார நிறுவனமும், உலக உணவுத் திட்டமும், யூனிசெப்பும், செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பும் கலந்து பேசும் நிலையான குழு ஒன்று அமைக்கப்பட்டது. தில்லியில் மறுவாழ்வுத் துறையின் கீழ் மத்திய ஒருங்கிணைப்புக் குழு கூடியது. கல்கத்தாவில் அத்துறையின் கிளைச் செயலகம் கர்னல் பி. என். லூத்ரா தலைமையில் இயங்கியது.

இந்த மூன்று தளங்களுக்கும் இடையிலான பணிப்பிரிவு நுட்பமானது. உலகெங்குமிருந்து பணமும் பொருளும் திரட்டுவதும், எது தேவை, எது தேவையில்லை என்று கொடுப்போருக்கு உணர்த்துவதும் ஜெனீவாவின் பொறுப்பு. தேவையைக் கணித்துச் சொல்வது தில்லியின் பொறுப்பு. கிடங்கிலிருந்து முகாம் வரை கொண்டு சேர்ப்பது கல்கத்தாவின், அதாவது இந்திய நிருவாகத்தின் பொறுப்பு. முகாம்களில் வினியோகத்தை அயல்நாட்டார் நடத்துவதை இந்திய அரசு விரும்பவில்லை. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன், பாரத சேவாசிரம சங்கம், காரிதாஸ் முதலிய அமைப்புகள் அரசோடு இணைந்து உழைத்தன. ஆக்ஸ்பாம் போன்ற அயல்நாட்டு அமைப்புகள் இவ்வொழுங்குக்குட்பட்டே செயற்பட்டன.

இவ்வேற்பாட்டில் உரசல்கள் இல்லாமல் இல்லை. எல்லைப்புறத்தில் ஐ.நா. பார்வையாளர்கள் நிறுத்தப்பட வேண்டும் என்ற யோசனையை இந்தியா ஏற்கவில்லை. அகதிகள் திரும்புவதற்கான சூழலைக் கிழக்குப் பாகிஸ்தானில் உருவாக்காமல், எல்லையில் கண்காணிப்போரை நிறுத்துவது நோய் இருக்கும் இடத்தை விட்டு வேறிடத்தில் மருந்து தடவுவதாகும் என்பது இந்தியாவின் கருத்து. பாகிஸ்தான் வரவேற்பு நிலையங்களைத் திறந்தது. அவற்றை நாடிச் சென்றோர் மிகச் சிலரே. துயர்துடைக்கும் நிறுவனம் அரசியல் சார்பின்றி இருக்க வேண்டும். ஆனால் துயரின் வேரோ அரசியலில் இருக்கிறது. இந்த முரண்பாட்டைக் குவிமையம் தீர்க்கவில்லை. எந்தக் குவிமையமும் தீர்க்க இயலாது. ஆயினும் அரசியல் தீர்வு வரும்வரை உயிர்களைக் காத்து வைப்பது அதனால் இயன்றது.

கொடுத்த கைகள்

கொடுத்தவர் பலர், கொடுத்த நோக்கங்களும் பல. பாகிஸ்தான் அரசுக்கு ஆதரவாக நின்ற அமெரிக்க அரசின் சரக்கு விமானங்களே ஜூன், ஜூலை மாதங்களில் அகர்தலாவிலிருந்து சுமார் 23,000 அகதிகளைக் கௌகாத்திக்கு ஏற்றிச் சென்றன. எதிர்த்திசையில் வந்தபோது திரிபுராவுக்கு அரிசி கொண்டுவந்தன. ஒரே அரசின் ஒரு கை செய்ததை மறுகை துடைத்தது என்பது அக்காலத்தின் விந்தை.

ஆகஸ்டு 1ஆம் நாள் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் பண்டித ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய இசை நிகழ்ச்சி உலகின் செவிகளைத் திறந்தது. நுழைவுச்சீட்டு வருவாயாகிய 2,43,418 டாலர் யூனிசெப்புக்குச் சேர்ந்தது. அதன்பின் இசைத்தட்டாலும் திரைப்படத்தாலும் கிடைத்த பெருந்தொகையோ, வரிவிலக்குக்கான பதிவு முன்கூட்டியே செய்யப்படாமையால் அமெரிக்க வரித்துறையின் நடைமுறைகளில் பல ஆண்டுகள் சிக்கிக்கிடந்தது. மனம் உருகுவது ஒரு நாளில் நிகழ்ந்துவிடும். உருகிய மனத்தின் பணம் பசித்தவரை அடைவதற்கு விண்ணப்பப் படிவமும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

1972 மார்ச்சு வரையிலான செலவு 70 கோடி டாலர் ஆகலாம் என உலக வங்கி கணித்தது. அயல்நாடுகளிலிருந்து வந்தது அதில் ஒரு பகுதியே; எஞ்சிய சுமையை இந்தியக் குடிமக்களே சுமந்தனர். இரயில் கட்டணத்திலும் உள்நாட்டு விமானக் கட்டணத்திலும் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. 1971 நவம்பர் 15 முதல் அஞ்சலுக்கு ஐந்து காசு அகதிகள் நிவாரண வில்லை ஒட்டும் முறை வந்தது. புதுவில்லை அச்சாகும்வரை, வழக்கிலிருந்த குடும்பநல ஐந்து காசு வில்லையின் மேலேயே அகதிகள் நிவாரணம் என்று அச்சிட்டு வழங்கினர். இம்முறை 1973 மார்ச்சு இறுதிவரை நீடித்தது. திருநெல்வேலியிலிருந்து மகளுக்குக் கடிதம் எழுதிய தாயும், தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு உறையனுப்பிய வணிகரும், தாம் காணாத திரிபுரா முகாமில் ஒரு பிடி அரிசிக்கு அவ்வில்லை வழியே பங்களித்தனர். தமிழகம் இவ்வரலாற்றோடு தொட்டுக்கொண்ட இடம் அந்த ஐந்து காசு.

கணக்கேடுகளில் ஏறாத கொடையும் உண்டு. டிசம்பர் 1ஆம் நாள் கணக்கின்படி 825 முகாம்களில் இருந்தோர் 67,97,245 பேர். எஞ்சிய 31,02,060 பேர் முகாம்களுக்கு வெளியே, பெரும்பாலும் உறவினர், நண்பர் இல்லங்களில் தங்கியிருந்தனர். மூவரில் ஒருவரை அரசோ ஐ.நா.வோ அன்றி, எல்லைப்புற மாவட்டங்களின் எளிய குடும்பங்களே தாங்கின என்பது இதனால் புலப்படும். அம்மாவட்டங்களில் பள்ளிகள் தங்குமிடங்களாயின, கூலி குறைந்தது, விறகும் காய்கறியும் விலையேறின. தங்கள் அடுப்பில் இன்னொரு குடும்பத்தின் பானையையும் ஏற்றியவர்களுக்கு எந்த அறிக்கையும் நன்றி கூறவில்லை.

பன்காவின் உப்பும் சர்க்கரையும்

மழைக்காலத் தொடக்கத்தில் காலரா பரவியது. மேற்கு வங்க எல்லையில் உள்ள பன்காவ் மருத்துவமனைக்குக் கல்கத்தாவிலிருந்து மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் தம் குழுவினருடன் வந்தார். ஏறத்தாழ மூன்றரை இலட்சம் அகதிகள் சூழ்ந்திருந்த அவ்வூரில் அவருக்குக் கிடைத்தவை இரண்டு அறைகளும் பதினாறு படுக்கைகளுமே. நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். நரம்பு வழி ஏற்றும் உப்புநீர் விரைவில் தீரும் நிலை. அதனை ஏற்றத் தெரிந்தவரும் மிகச் சிலர்.

அந்நெருக்கடியில் அவர் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோசு 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடியம் பைகார்பனேட்டு 2.5 கிராம் என்ற அளவில் கரைத்து வாய்வழியே பருகத் தருவது என்பதே அது. இம்முறையின் பயனை 1968இல் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் டாக்கா காலரா ஆய்வகத்தில் நிறுவியிருந்தனர். மக்கள் எந்த மண்ணை விட்டு ஓடிவந்தனரோ, அம்மண்ணில் பிறந்த அறிவே எல்லைக்கு இப்பால் அவர்களைக் காத்தது.

கல்கத்தாவில் பொடிகளை நிறுத்து, நெகிழித்தாள் பைகளில் இட்டு, சூடேற்றிய இஸ்திரிப் பெட்டியால் வாய்மூடி, பன்காவுக்கு அனுப்பினர். அங்கே குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைசல் நிரப்பப்பட்டது. தாயரும் உடன்பிறந்தாரும் குவளைகளில் பிடித்துத் தம் நோயாளிக்குத் தாமே ஊட்டினர். எட்டு வாரங்களில் 3,700க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த இறப்பு 3.6 ஆகக் குறைந்தது. அவ்விடத்தைக் கண்டறிந்த உலக சுகாதார நிறுவனத்தின் தீமன் பரூவா இம்முறையை உலகெங்கும் கொண்டுசெல்ல முனைந்தார்; 1978இல் அந்நிறுவனம் வயிற்றுப்போக்கு நோய்த் தடுப்புக்கெனத் தனித்திட்டம் தொடங்கியது. 2022இல் மறைந்த மகாலனாபிசுக்கு மறுஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தட்டுப்பாட்டில் நேர்ந்த இந்த மாற்றத்தில் மருத்துவரின் அதிகாரம் குறைந்து, தாயின் கை உயர்ந்தது. உதவி பெறுவோரைக் கைநீட்டிக் காத்திருப்போராக வைக்காமல் அப்பணியிலேயே பங்காளிகளாக்கிய இடத்தில்தான் முகாம்களின் மிகப்பெரிய வெற்றி விளைந்தது. இதே உணர்வோடு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தார் அமைத்த வங்கதேச சகாயக சமிதி, இடம்பெயர்ந்து வந்த ஆசிரியர்களுக்குத் துணைநின்றது.

சின்னம்மை என்று எழுதப்பட்டது

வெற்றியோடு தோல்வியையும் வரலாறு பதிந்துள்ளது. கிழக்குப் பாகிஸ்தானில் பெரியம்மை 1970 ஆகஸ்டிலேயே ஒழிந்துவிட்டிருந்தது. 1971இன் இறுதியில் சால்ட் லேக் முகாமில் அந்நோய் தலைகாட்டியது. அது சின்னம்மை என்று தவறாக முடிவு செய்யப்பட்டது. அகதிகள் அனைவருக்கும் அம்மைப்பால் வைத்திருக்க வேண்டும். ஏட்டில் இருந்த அவ்வொழுங்கு அம்முகாமில் முழுமையாக நிறைவேறவில்லை. பெரியம்மை ஒழிப்புப் பணியில் இருந்தோருக்கு உரிய காலத்தில் செய்தியும் எட்டவில்லை.

போர் முடிந்து அகதிகள் மகிழ்ச்சியோடு ஊர் திரும்பியபோது நோயும் அவர்களோடு திரும்பியது. ஒழிந்த நோய் புதிய நாடாகிய வங்கதேசத்தில் மீண்டும் பரவியது. 1975 அக்டோபரில் போலா தீவில் ஒரு சிறுமிக்குக் கண்ட நோயே கடுமையான பெரியம்மையின் உலகளாவிய இறுதி இயற்கை நிகழ்வாயிற்று. அதுவரை மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அந்நாடு விலை கொடுத்தது. சால்ட் லேக் முகாம் தொலைதூர மலைமுகாம் அன்று. பெருநகரின் ஓரத்திலேயே, பார்வையாளர் பலர் வந்துபோன முகாம். அரிசி சென்ற வழியில் செய்தி செல்லவில்லை. ஒருங்கிணைப்பு என்பது பண்டங்களைப் பங்கிடுவது மட்டுமன்று, அறிந்ததைப் பங்கிடுவதும் ஆகும் என்பதற்கு இதனினும் கடுஞ்சான்று வேண்டுவதில்லை.

திரும்பிய வழி

டிசம்பர் 16ஆம் நாளுக்குப் பின்னர் அகதிகள் யாருடைய வற்புறுத்தலுக்கும் காத்திருக்கவில்லை. 1972 ஜனவரியில் நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம் பேர் எல்லை கடந்து வீடு நோக்கிச் சென்றனர். இரயிலில் சிலர், லாரியில் சிலர், நடந்து பலர். இரு வாரங்களுக்கான உணவுப் பொருள் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. பிப்ரவரி இறுதிக்குள் தொண்ணூறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் திரும்பிவிட்டனர். மார்ச்சு 25ஆம் நாள், அதாவது துயர் தொடங்கிய அதே நாள் ஓராண்டு நிறைந்தபோது, எஞ்சியோர் அறுபதாயிரம் பேர் என இந்திய அரசு மதிப்பிட்டது. வந்தோர் ஒருநாள் திரும்புவர் என்று தொடக்கமுதல் இந்தியா கூறிவந்தது மெய்யாயிற்று. ஆயினும் முகாம் மண்ணில் புதைக்கப்பட்ட குழந்தைகளை விட்டுவிட்டே பல தாயர் திரும்பினர் என்பதையும் மறத்தலாகாது.

இப்பட்டறிவு பின்னாளைய ஏற்பாடுகளுக்கு முன்னோடியாயிற்று. இயற்கைப் பேரிடர்க்கென ஓர் ஒருங்கிணைப்பு அலுவலகத்தை ஐ.நா. பொது அவை 1971 டிசம்பரிலேயே தோற்றுவித்தது. 1991இல் நிறைவேறிய 46/182 எண் தீர்மானம் போர்த்துயரையும் உள்ளடக்கி அப்பொறுப்பை விரிவுபடுத்தியது. 1998இல் அது இன்றைய பெயரோடு கூடிய ஒருங்கிணைப்பு அலுவலகமாக மாறியது. அமைப்புகளின் பெயர்கள் மாறின. முகாம் வாயிலில் நிற்கும் மனிதனின் கேள்விகள் மாறவில்லை. என் பெயர் ஏட்டில் ஏறியதா? என் குழந்தைக்குக் கண்டது என்ன நோய் என்று அறிந்தவர் எவரேனும் உளரா? நான் எப்போது வீடு திரும்புவேன்?

முதற்கேள்விக்கு 1971ஆம் ஆண்டின் பங்கீட்டு அட்டை விடை கூறியது. இரண்டாம் கேள்விக்குப் பன்காவ் ஒரு விடையும் சால்ட் லேக் வேறொரு விடையும் கூறின. மூன்றாம் கேள்விக்கு விடை எந்த ஒருங்கிணைப்பு அலுவலகத்திலும் இல்லை. அஃது அரசியலின் கையில் இருந்தது. முதலிரண்டுக்கும் நேர்மையாக விடை தேடியவர்கள் இருந்தமையால், மூன்றாம் கேள்விக்கு விடை வந்த நாளில் அதனைக் கேட்க ஒரு கோடிப் பேருள் மிகப் பெரும்பாலோர் உயிரோடிருந்தனர். அந்த எட்டு மாத உழைப்பின் பெருமை அவ்வளவே, அவ்வளவும் சிறிதன்று.